‘எ’ எங்கே வரும்

மாலை ஏழு மணி வகுப்பு. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இமை மயிரில் பனி ஒட்ட வந்து உட்காருகிறார்கள்
எர்டெனெட் தாமிரச் சுரங்கத்தார் பதினொரு பேர்.
எந்த நாட்டிலும் முதல் பாடம் இதுதான்:
வாட் இஸ் யுவர் நேம்.

முன்வரிசைக்காரர் எழுந்தார்.
மை நேம் இஸ் நெர்குய்.
பின்னாலிருந்த பெண் எனக்காக
அகராதியில் விரல் வைத்துக் காட்டினாள்:
நெர்குய் என்றால் பெயரில்லை.

இரண்டு அண்ணன்கள் தொட்டிலிலேயே போன வீட்டில்
மூன்றாவதாய்ப் பிறந்தவர்.
சாவு வாசலில் வந்து விசாரித்தால்
அப்படி ஒருவரும் இல்லை என்று சொல்லலாம் அல்லவா.
பக்கத்தில் இருந்தவர் எனெபிஷ். அதாவது, இது அல்ல.
அடுத்த பாடமோ திஸ் இஸ், தட் இஸ்.
சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்போம்,
தவிட்டுக்கு வாங்கியதாய்ச் சொல்லித் தவிட்டம்மா என்போம்,
எங்களுக்கும் அந்தக் கடன்காரனைத் தெரியும் என்று
சொல்ல நினைத்தேன்.
எனக்கு மங்கோலியன் போதவில்லை.
அவர்களுக்கு இங்கிலீஷ் போதவில்லை.

பள்ளி விளம்பரத்தில் என் படம் கிடையாது.
பொன் தலைமுடியோடு சிரிக்கிறவர்
போன வருஷம் கிரேன் பழுதுபார்க்க வந்த செக் நாட்டுக்காரர்.
யாராவது கேட்டால் லண்டன் என்று சொல்லுங்களேன்,
இயக்குநர் செவெல்மா கெஞ்சலாய்த்தான் கேட்டாள்.
சனிக்கிழமை, பையனைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மா
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
வெளிநாட்டு டீச்சர் எங்கே?
நான்தான்.
இல்லை, நிஜமான வெளிநாட்டு டீச்சர்.
இதற்கு மேல் எப்படி வெளிநாடாவது என்று
எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் சம்பளம் டிசம்பரில் வந்தது,
பாதி பணமாக, பாதி ஆட்டுத் தொடையாக.
பால்கனியில் விறைத்துத் தொங்குகிறது.
நான் சைவம்.

எஃப் அவர்களுக்கு வராது.
கீழுதட்டைப் பல்லால் பிடித்து, காற்றை விட்டு,
காஃபி என்கிறேன்.
பதினொரு பேரும் ஒரே குரலில்: காப்பி.
திருத்த வாய் திறந்தேன். திறந்தபடியே நின்றேன்.
நாலு மாதமாய் அதை யாரும் எனக்கு
அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

‘எ’யும் ‘தி’யும்தான் ஆகாத சம்பந்தம்.
எங்கே வரும், எங்கே வராது?
அவர்கள் மொழியில் இல்லை. என் மொழியிலும் இல்லை.
கடன் வாங்கிய சரக்கை வட்டிக்கு விடுகிறேன்.
வாக்கியக் கடைசிவரை வினைக்குக் காத்திருந்து பழகிய நாங்கள்
முன்னால் ஓடும் அதைச் சேர்ந்து துரத்துகிறோம்,
மூச்சு வாங்க.

பிப்ரவரியில் ஒரு நாள் நெர்குய் தாமதமாய் வந்தார்.
இருநூறு டன் லாரி ஓட்டுகிறவர்.
புது லாரி பேசுகிறதாம். பெண் குரலாம்.
தினமும் விடியும் முன் ஒரே பேச்சு.
ஒப்பித்தார், என்னைவிடத் துல்லியமாக:
ப்ளீஸ் டேக் எ பிரேக்.

அவர் என்ன செய்தாராம் என்றால், மிதித்தாராம்.
ஒவ்வொரு தடவையும், முழுப் பாரத்தோடு,
சரிவில், பனியில், பிரேக்கை.
பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அலறவிட்டார்களாம்.
போன மாதம் பிரேக்கைக் கற்றுக்கொடுத்தது யார்?
நான்.
கரும்பலகையில் படம்கூடப் போட்டேன்.

உள்ளங்கை வியர்த்தது.
அது வேறு பிரேக், நெர்குய்.
தூங்கி வழிகிறீர்கள், கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்கிறாள்.
வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது.
அவர் மட்டும் சிரிக்கவில்லை.
இருபத்தாறு வருஷம், என்றார்.
அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு நோட்டைத் திறந்து கேட்டார்,
காதால் கேட்டால் இரண்டும் ஒன்று,
எப்படிப் பிரித்து அறிவது?
‘எ’ வந்தால் ஓய்வு. ‘தி’ வந்தால் மிதிப்பது.
சொன்ன பிறகு நானே யோசித்தேன்.
எல்லா இடத்திலும் செல்லாது.
அந்த லாரிக்குள் செல்லும்.

அடுத்த வியாழன் நெர்குய் வரவில்லை.
எங்கே என்றேன்.
எனெபிஷ் எழுந்து, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு,
வினையை இருக்க வேண்டிய இடத்தில் வைத்து,
ஹி டேக் எ பிரேக், டீச்சர், என்றார்.

டேக்கைத் திருத்தவில்லை.